கப்பாபாஷியின் பொய்ச் சாப்பாடு: யாருக்கு வாங்கலாம், எதை வாங்கலாம்

டோக்கியோவில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், அசாகுசா கோயிலைப் பார்த்த கையோடு கப்பாபாஷிக்கு அழைத்துப் போய்விடுவேன். உயெனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில், ஏறக்குறைய 800 மீட்டர் நீளத் தெரு. 170 கடைகள் போல இருக்கும். ஓட்டல் வைக்கிறவருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே உண்டு: அண்டா, கரண்டி, கத்தி, பீங்கான் கிண்ணம், வாசலில் தொங்கவிடும் துணித் திரை, சிவப்புக் காகித விளக்கு. கின்சா லைனில் தவராமாச்சி ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால், ஒரு கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பியும் மீசையுமாகப் பிரம்மாண்டமான சமையல்காரர் தலை ஒன்று தெரியும். அதுதான் அடையாளம். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கத்திக் கடைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கதை. நான் எழுத வந்தது அந்தத் தெருவில் விற்கும் ஒரே ஒரு சரக்கைப் பற்றி. பொய்ச் சாப்பாடு. ஜப்பான் ஓட்டல்களின் வாசலில் கண்ணாடி அலமாரிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த பிளாஸ்டிக் சாப்பாடு. இங்கே 'சாம்பிள்' என்றாலே போதும், புரிந்துகொள்வார்கள்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டதே இந்தச் சாம்பிள்தான். மெனு கார்டில் ஒரு எழுத்தும் புரியாது. சர்வரை வாசலுக்கு அழைத்து வந்து, இது ஒன்று, அது ஒன்று என்று கைகாட்டிவிட்டு உள்ளே போய் உட்காருவேன். அலமாரியில் பார்த்தது எப்படி இருந்ததோ, அப்படியே மேசைக்கு வரும். முட்டை எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். நம் ஊரில் சர்வர் வந்து நின்று "இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஊத்தப்பம்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நாம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "இரண்டு இட்லி" என்போம். காதால் கேட்டு முடிவு செய்கிற நமக்கு இந்த ஏற்பாடு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இதற்கும் ஒரு காரணம் உண்டு. 1920-களில் டோக்கியோவின் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் பெரிய பெரிய சாப்பாட்டுக் கூடங்கள் வந்தன. கட்லெட், கர்ரி ரைஸ், ஆம்லெட் என்று மேல்நாட்டுப் பண்டங்கள். வருகிறவர்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. 1923 பூகம்பத்துக்குப் பிறகு மெழுகில் செய்த மாதிரிகளை வாசலில் வைக்கும் வழக்கம் பரவியது. பார், முடிவு செய், சீட்டு வாங்கு, உட்கார். கூட்டத்தைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இதைப் பெரிய தொழிலாக ஆக்கியவர் இவாசாகி தாகிசோ. கிஃபு மாகாணத்தில் குஜோ ஹாசிமான் என்ற மலையூர்க்காரர். உருகிய மெழுகு தண்ணீரில் சொட்டிப் பூப்போல விரிந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர், அதை மறக்கவில்லை என்பார்கள். மனைவி போட்டுக்கொடுத்த ஆம்லெட்டை மாதிரியாக வைத்து மெழுகில் ஒன்று செய்தார். எது நிஜம் என்று மனைவிக்கே தெரியவில்லையாம். 1932-இல் ஒசாகாவில் கம்பெனி ஆரம்பித்தார். ஓட்டல்களுக்கு மாதிரிகளை விற்காமல் மாத வாடகைக்கு விட்டார். அவர் செய்ததுதான் சாமர்த்தியம்: மெழுகு வெயிலில் நிறம் மங்கும், தூசி படியும், பழசை எடுத்துக்கொண்டு புதுசை வைத்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் ஜப்பானில் தயாராகும் சாம்பிள்களில் பாதிக்கு மேல் அவருடைய ஊரிலிருந்துதான் வருகிறது என்கிறார்கள். கப்பாபாஷியில் இருக்கும் 'கன்சோ ஷொகுஹின் சம்புரு-யா' அந்த இவாசாகி குழுமத்தின் கடை. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது இதைத்தான். தெருவில் வேறு சாம்பிள் கடைகளும் இருக்கின்றன. நிஜமாகவே ஓட்டல்காரர்கள் வந்து தட்டு கணக்கில் வாங்கிப்போகும் கடைகள்.

சரி, சரக்கு எப்படி?

ஒரு ராமென் கிண்ணத்தை, அதாவது சூப்பில் போட்ட நூடுல்ஸை, எடுத்துக்கொள்ளலாம். கிட்டே போய்க் குனிந்து பாருங்கள். சூப்பின் மேல் எண்ணெய் வட்டங்கள் மிதக்கும். ஒரே அளவில் இருக்காது. பெரிதாக ஒன்று, அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு பொட்டுப் பொட்டாக நாலைந்து, கிண்ணத்தின் ஓரத்தில் இரண்டு வட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேரப் போகிற நேரத்தில் நிற்கும். முட்டையைப் பாதியாக வெட்டி வைத்திருப்பார்கள். மஞ்சள் கருவின் ஓரம் வெந்து வெளிறியிருக்கும், நடுவில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஈரப் பளபளப்பு. வெங்காயத்தாள் வளையங்களில் சில சூப்பில் பாதி முங்கி, நிறம் கருத்திருக்கும்; மேலே கிடப்பவை பச்சைப் பசேல் என்று இருக்கும். முங்கியதற்கும் முங்காததற்கும் வேறு வேறு பச்சை பூச வேண்டும் என்று யோசித்த ஆளை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இப்போது விற்பவை மெழுகு இல்லை. நிஜச் சாப்பாட்டின் மேல் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் வினைல் பிசினை வார்த்து, அடுப்பில் வைத்துச் சூடேற்றி இறுக வைக்கிறார்கள். இலை நரம்பு, தோலின் சுருக்கம், மீன் வறுத்த இடத்தில் தோல் வெடித்த கோடு எல்லாம் அச்சிலேயே வந்துவிடும். அதன் பிறகு வண்ணம். தூரிகையாலும் ஸ்ப்ரேயாலும் கையால் அடிப்பது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு மீன்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒன்று சரியான பதத்தில் வறுபட்டிருக்கும், இன்னொன்று கொஞ்சம் தீய்ந்திருக்கும். வாங்கும்போது இதைப் பார்த்துப் பொறுக்க வேண்டும். மேலே இருப்பதை அப்படியே எடுத்து பில் போடக் கொடுத்துவிடாதீர்கள்.

என் பெரியப்பா திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெடுநாள் மெஸ் நடத்தியவர். பெரியம்மாவும் அவரும் வந்திருந்தபோது இந்தத் தெருவுக்கு அழைத்து வந்தேன். கோயிலில் முட்டிவலி என்று உட்கார்ந்துவிட்டவர், இங்கே எனக்கு முன்னால் நடந்தார். அலமாரி அலமாரியாக நின்று, சரக்கு வாங்க வந்த ஓட்டல்காரர் போலத்தான் பார்த்தார். நூடுல்ஸை முள்கரண்டி தூக்குகிற மாதிரி, கரண்டி அந்தரத்தில் நிற்கும் ஒரு தட்டு உண்டு. எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். பெரியப்பா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வித்தை" என்று நகர்ந்துவிட்டார். அவரை நிறுத்தி வைத்தது வறுத்த கட்லெட். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்ம்மா. ஓரம் பாரு, ஒரே சீரா சிவந்திருக்கு."

"பெரியப்பா, அது பெயிண்ட்."

"பெயிண்டுதான். ஆனா பெயிண்ட் அடிச்சவனுக்கு எண்ணெய்ப் பதம் தெரிஞ்சிருக்குல்ல?"

அதற்கு மேல் நான் என்ன விமர்சனம் எழுதுவது?

அவர் சொன்ன ஒரே குறை, ஆவி இல்லை என்பது. "சூடா இருக்கறதைக் காட்ட மாட்டேங்கிறான். சோத்துக்கு ஆவிதானே அழகு?" நியாயம்தான். பீர் கிளாஸின் வெளியே பனித்த துளிகளைக்கூடச் செய்துவிடுகிறார்கள். சூட்டை மட்டும் செய்ய முடிவதில்லை.

இனி விலை. முழு அளவு ராமென் கிண்ணம் பத்தாயிரம் யென் பக்கம் போகும். 100 யென் ஏறக்குறைய 55, 60 ரூபாய் என்று போட்டுக்கொள்ளுங்கள். நிஜ ராமென் ஆயிரம் யென் சுமாருக்கே கிடைக்கிற ஊரில், சாப்பிட முடியாத ராமெனுக்குப் பத்து மடங்கு. கைவேலை என்று பார்த்தால் அந்த விலை தப்பில்லை. ஆனால் பரிசாகக் கொடுக்க நான் வாங்க மாட்டேன். இரண்டு படுக்கையறை வீட்டில் அதை எங்கே வைப்பார்கள்? ஷோகேஸில் வைத்தால் தூசி துடைக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். ஓட்டல் வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

பரிசு என்று வந்தால் மேக்னட், சாவிக்கொத்து, புக்மார்க் ரகங்கள்தான் சரி. பெரும்பாலும் ஆயிரம் யென் சுற்றளவில் முடிந்துவிடும். பேக்கன் துண்டு ஒன்று புக்மார்க்காக வருகிறது. புத்தகத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது கத்துவார்கள். எண்களுக்குப் பதில் சூஷி பதித்த சுவர்க் கடிகாரம் பார்த்திருக்கிறேன். வேடிக்கைதான், ஆனால் இறால் மணி எது, சூரை மணி எது என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். காதில் மாட்ட தொங்கட்டான்களாக வறுத்த இறால்கூடக் கிடைக்கிறது. என் நாத்தனார் மகள் கல்லூரிக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறாள். அவள் தைரியம் அது.

இதே மாதிரிப் பொருள்களைச் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் வேறு தெருக்களிலும் விற்கிறார்கள், பாதி விலைக்கு. அப்படி ஒரு கடையில் தோழி ஒருத்தி எனக்கு வாங்கித்தந்த சூஷி சாவிக்கொத்து, கைப்பையில் ஒரு வாரம் கிடந்ததும் கொக்கி தனி, சூஷி தனி. பிசினில் சும்மா ஓட்டை போட்டுக் கொக்கியைச் செருகியிருந்தார்கள். வாங்கும்போது கொக்கி உள்ளே இறங்கும் இடத்தைப் பாருங்கள். திருகாணி இருக்கிறதா, அதைச் சுற்றிப் பசை வைத்து அடைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். இலேசாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் ஆடக் கூடாது. மேக்னட் என்றால் காந்தம் எவ்வளவு பெரிது என்று பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். முழு அளவு இறால் மேக்னட்டின் பின்னால் பொட்டு அளவு காந்தம் ஒட்டியிருந்தால், ஃப்ரிட்ஜ் கதவை மூடும் அதிர்ச்சியிலேயே கீழே விழும்.

இத்தனை பார்த்தும் பரிசு எடுபடாமல் போகலாம். அதற்குக் காரணம் தரம் இல்லை. பொய்ச் சாப்பாடு வேலை செய்வது, அதன் நிஜத்தைச் சாப்பிட்டவரிடம்தான். என் கணவர் சென்னை ஆபீஸ் நண்பருக்கு நத்தோ மேக்னட் வாங்கினார். நத்தோ என்பது புளிக்கவைத்த சோயா பயறு. கிளறினால் நூல் நூலாக இழுக்கும். அந்த நூலைக்கூடச் செய்திருந்தார்கள், அவ்வளவு நேர்த்தி. நண்பர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடலை மிட்டாயா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பரிசு முடிந்தது. அதே பயணத்தில் என் கொழுந்தனாருக்குக் கொடுத்தது பொரித்த கோழித் துண்டு ஒன்று, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. அவர் இங்கே வந்திருந்தபோது தினமும் ராத்திரி அதைத்தான் கேட்பார். கையில் வாங்கியதும் மூக்குக்குக் கொண்டுபோனார்! வேலைத்திறனில் நத்தோதான் ஒரு படி மேல். ஆனால் சிரிப்பு வந்தது கோழிக்கு.

ஆகவே ஜப்பானுக்கே வராதவர்களுக்கு வாங்குவதானால், சூஷியையும் நத்தோவையும் விட்டுவிட்டு அலமாரியின் அடித்தட்டைப் பாருங்கள். வெண்ணெய் உருகி வழியும் பிரெட் துண்டு, பாதி உரித்த வாழைப்பழம், எலுமிச்சை வில்லை, ஆஃப்பாயில். எல்லா ஊர் நாக்குக்கும் தெரிந்த பண்டங்கள். பெரியப்பா தேர்ந்தெடுத்தது ஆஃப்பாயில்தான். நாலைந்தை வரிசையாக வைத்து, வெள்ளைக் கருவின் ஓரம் மொறுமொறுவென்று பழுப்பு ஏறிய ஒன்றை எடுத்தார். "மத்ததெல்லாம் நான்-ஸ்டிக்ல போட்டது. இது கல்லுல போட்டது" என்றார். கடைப் பெண்ணுக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வாய்பொத்திச் சிரித்துவிட்டு, கூடவே இரண்டு முறை குனிந்து வணங்கினார்.

நம் ஊரிலும் இந்த மாதிரி மேக்னட்கள் வந்துவிட்டன. வாழையிலைச் சாப்பாடு, டபரா டம்ளர் காபி, இட்லி வடை சாம்பார். களிமண்ணிலும் பிசினிலும் கையால் செய்வது. ஆசையாக வாங்கிப் பார்த்திருக்கிறேன். காபி நுரை நன்றாக இருக்கும். சாம்பார்தான் பழுப்பாக ஒரு பூச்சாக நின்றுவிடும்; மேலே மிதக்கிற தாளிப்பு எண்ணெயும் இல்லை, அடியில் தெரிகிற பருப்பும் இல்லை. இட்லி வழவழவென்று இருக்கும். துணியில் ஊற்றிய இட்லியின் மேல் நூல் தடம் இருக்குமே, அது எங்கே? பொம்மையாகச் செய்கிறார்கள், நிஜத்திலிருந்து அச்சு எடுப்பதில்லை. அங்கேதான் ஜப்பான்காரர்கள் முந்துகிறார்கள்.

கடையில் வாங்குவதைவிட எனக்குப் பிடித்தது அங்கேயே உட்கார்ந்து செய்வது. கன்சோ கடையில் அதற்கு வகுப்பு நடத்துகிறார்கள்; டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிக்கும் பண்டம்), லெட்யூஸ் கீரை இரண்டும் செய்யலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். இங்கே பயன்படுத்துவது பழைய முறைப்படி மெழுகுதான், அடுப்பு தேவையில்லை என்பதால். முன்னால் ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். உருகிய மெழுகைக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றினால், தண்ணீரில் விழுந்த மாத்திரத்தில் மொறுமொறுப்பான டெம்புரா மாவாகப் பொரிந்து விரிகிறது. அதன் நடுவே இறாலை வைத்து, இரண்டு பக்கத்தையும் கூட்டி அணைத்தால் டெம்புரா தயார். எண்ணெயில் பொரிகிற சத்தம் கேட்காததுதான் வித்தியாசம்.

லெட்யூஸ் இன்னும் அதிசயம். வெள்ளை மெழுகையும் பச்சை மெழுகையும் அடுத்தடுத்துத் தண்ணீரின் மேல் ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு ஒரு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் மெல்ல இழுக்க, மெழுகு நீண்டுகொண்டே வந்து, மெல்லிசாகி, தானாகச் சுருக்கம் விழுகிறது. அந்தச் சுருக்கம்தான் இலை. நீங்கள் ஒன்றும் வரைவதில்லை, செதுக்குவதில்லை. அதைச் சுருட்டி உருண்டையாக்கிக் கொடுத்தால், கத்தியால் இரண்டாக வெட்டித் தருகிறார்கள். உள்ளே அடுக்கடுக்காக நிஜ லெட்யூஸின் குறுக்குவெட்டு. பக்கத்து மேசையில் இருந்த ஒரு தாத்தா "ஹோ...!" என்று போட்ட சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். இதைச் செய்த பிறகு மறுபடி அலமாரிகளைப் பார்க்கப் போனால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. நேரம் இருந்தால் வகுப்பை முதலில் வைத்துக்கொண்டு, கடையை அப்புறம் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தத் தொட்டித் தண்ணீரின் சூடு 40 டிகிரி சுமார்தான். அந்தச் சூட்டிலேயே மெழுகு வளைகிறது. மே மாதத்தில் திருச்சியில் வெளியே அதே சூடு. ஆகவே கையால் செய்த லெட்யூஸை ஊருக்குக் கொண்டுபோய்க் கார் டாஷ்போர்டிலோ வெயில் விழும் ஜன்னலிலோ வைத்தால், சாயங்காலம் அது கீரை மசியலாகிவிடும். ஊருக்குப் பரிசு என்றால் கடையில் விற்கும் பிசின் சரக்கே நல்லது. வீட்டிலேயே செய்து பார்க்க பெட்டியில் போட்ட கிட்களும் உண்டு. பாகங்கள் எல்லாம் உள்ளே இருக்கும், நாம் ஊற்றி அடுக்க வேண்டியதுதான். கையால் ஏதாவது செய்துகொண்டே இருக்கும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அருமையான பரிசு. செய்முறைத் தாளில் படங்கள் இருப்பதால் மொழி தெரியாமலும் சமாளிக்கலாம். வாயில் போடுகிற வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்தத் தெருவிலிருந்து எதையும் கொண்டுபோகாதீர்கள். நாமே ஏமாறுகிறோம், குழந்தை என்ன செய்யும்?

ஓட்டல்காரர்கள் கேட்டால் அவர்களுடைய பண்டத்தையே சாம்பிளாகச் செய்துகொடுக்கும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. நிஜப் பண்டத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதிலிருந்துதான் அச்சு. விலை, கடையில் அடுக்கி வைத்திருப்பதைப் போலப் பல மடங்கு ஆகும். இதைக் கேட்டதிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரு யோசனை. திருச்சி ஜங்ஷனில் ஓட்டல் வைத்திருக்கும் தன் சிநேகிதருக்கு ஒரு நெய் ரோஸ்ட் சாம்பிள் செய்து வாசலில் வைக்க வேண்டுமாம். நெய் ரோஸ்ட்டை முறுகல் குறையாமல் டோக்கியோவுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறார். நிஷி-கசாயில் நம்மாட்கள் ஓட்டல் இருக்கிறது, அங்கேயே வாங்கிக்கொடுக்கலாம் என்றேன். "அந்தக் கல்லுல வர்ற ரோஸ்ட்டையா வாசல்ல வைக்கச் சொல்றே?" என்று போனை வைத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும், மற்ற நாட்களில் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் ஷட்டரை இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போங்கள். பசியோடு போனால் பர்ஸ் தாங்காது.